மண்டபம் ஊருல (ராமேஸ்வரம் பக்கம்) ஆயாக்காவுக்குச் சம்பளக் கணக்கு: 499 ரூபா பேக்கேஜும் பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் சென்டரும்

பிள்ளையப் பாக்குற ஆயாக்காவோட சம்பளக் கணக்கப் பாத்துத் தரேன்னு ஒரு கணக்கு ஆபீஸ் வித்த பேக்கேஜுக்கு 5க்கு 1.5 ஸ்டார். அவங்களுக்கு அரசுப் பதிவெல்லாம் போட்டுக் குடுத்த சென்டருக்கு 4 ஸ்டார். இத ஏன் இப்ப எழுதுறேன்னா டிசம்பர் கடைசில அந்த ஆபீஸ்லேருந்து போன், "மேடம் உங்க ஹோம் ஸ்டாஃப் பேரோல் பேக்கேஜ் முடியுது, ரினிவல் பண்ணிடலாமா, இந்த வருஷம் 599 தான்"னு. சிரிப்பு வந்துருச்சு. பண்ணுனதுக்கு மேல நூறு ரூபா ஏத்தி வேற கேக்குறாங்க.

நான் டீச்சர், கவர்மென்ட் ஸ்கூலு. பிள்ள பொறந்து ஒரு வருஷ லீவு முடிஞ்சு போன ஜூன்ல திரும்ப சேரணும், வீட்டுக்காரர் மஸ்கட்ல, மாமியாருக்கு மூட்டுவலி, ஒன்றரை வயசு வாலு பின்னாடி ஓட அவங்களால ஆகாது. அப்பத்தான் வேதாளை பக்கத்துலேருந்து ஒரு அக்கா வந்தாங்க. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, அவங்க வீட்டுக்காரர் போட்டுல கடலுக்குப் போற ஆளு, கரையிலயே கெடந்தாரு, வீட்டுல காசு இல்ல, அதனாலயே மே மாசமே வந்துட்டாங்க. பேசுனது மாசம் 9,000, காலைல எட்டுலேருந்து அஞ்சு, ஞாயித்துக்கிழமை லீவு, தீவாளிக்கு ஒரு மாசச் சம்பளம். முன்பணமா 5,000 கேட்டாங்க, குடுத்தேன், மாசம் ஆயிரமா கழிச்சுக்கலாம்னு பேச்சு. அத்தோட விட்டுருந்தா இந்த ரிவ்யூவே இல்ல.

பெரியம்மா மக நியூஜெர்சில இருக்கா. அவகிட்ட போன்ல ஆயாக்கா பத்திப் பெருமையா சொன்னேன், அவ்வளவுதான், அவ பெரிய குண்டத் தூக்கிப் போட்டா. "ஏய் டாக்ஸு எப்படிக் கட்டுற, பேரோல் யாரு பண்றா, கைல குடுக்குறியா, கேஸாகிடும்டி"ன்னு. அவ ஊருல அது நெசம்தான். அங்க 2025 கணக்குக்கு வீட்டு வேலைக்கு வச்ச ஒரு ஆளுக்கு வருஷத்துல 2,800 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்தா, அந்தம்மா சம்பளத்துல 7.65 பர்சென்ட் பிடிக்கணும், இவ கைலேருந்தும் இன்னொரு 7.65 பர்சென்ட் போடணும், அது சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு அங்கத்த பென்ஷனுக்கும் வயசானவங்க மருத்துவத்துக்கும். ஒரு காலாண்டுல 1,000 டாலரோ அதுக்கு மேலயோ குடுத்தா, வேல போனவங்களுக்கு உதவித்தொக குடுக்குறதுக்கான வரி தனியா, ஸ்டேட்டுக்குத் தனியா. வீட்டுக்கே ஒரு முதலாளி நம்பர் வாங்கணும், ஜனவரி முடியறதுக்குள்ள டபிள்யூ-2ன்னு வருஷச் சம்பளக் கணக்கு ஃபார்ம் அந்தம்மாவுக்குக் குடுக்கணும், தன்னோட இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்ல ஷெட்யூல் எச்னு ஒண்ணச் சேக்கணும். இதெல்லாம் தலைவலின்னு மாசாமாசம் டாலர் கட்டி ஒரு கம்பெனிகிட்ட விட்டுருக்கா. 1993ல அதிபர் கிளிண்டன் அட்டர்னி ஜெனரலா போட நெனச்ச ஸோயி பேர்டுங்கிற அம்மாவே இப்படி ஆயாவுக்கு வரி கட்டாம விட்டது தெரிஞ்சு போயி பதவி வேணாம்னு வெலகிட்டாங்களாம், அத வேற கத மாதிரி சொன்னா. இங்க ராத்திரி பத்து மணி, அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், எனக்குத்தான் தூக்கம் போச்சு. கவர்மென்ட் வேலைல இருக்கோம், நம்ம மேல ஏதாச்சும் வந்துருமோன்னு.

மறுநாளே ராமநாதபுரத்துல ஒரு கணக்கு ஆபீஸ். பேரு போட மாட்டேன். ஏசி ரூமு, கண்ணாடிக் கதவு, டை கட்டுன பையன். "வீட்டுப் பணியாளர் பேரோல், டாக்ஸ், பிஎஃப், லேபர் லா எல்லாம் கவர் ஆகும் மேடம்"னான். பதிவுக்கு 1,500, மாசம் 499, ஆறு மாசம் மொத்தமா கட்டணும். 4,494 ரூபா ஜிபே பண்ணிட்டு நிம்மதியா மண்டபம் பஸ் ஏறுனேன். உச்சிப்புளி தாண்டறதுக்குள்ள தூங்கிட்டேன்னா பாத்துக்கங்க, அவ்வளவு நிம்மதி.

என்ன குடுத்தாங்கன்னா, நாலு பக்கத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு அப்பாயின்ட்மென்ட் லெட்டர். நோட்டீஸ் பீரியட் 90 நாள். வேலை ரகசியங்கள வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒரு ஷரத்து. என் பிள்ள தயிர்சாதத்தத் தலைல பூசிக்கிறத வெளிய சொல்லக்கூடாது போல. அக்கா அத ரெண்டு கையாலயும் வாங்கி, பாத்துட்டு, பத்திரமா மடிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கிட்டாங்க, அவங்களுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். இன்னொரு ஏற்பாடு, நான் 9,000த்த ஆபீஸ் அக்கவுண்டுக்கு அனுப்பணும், அவங்க பிடித்தம் போக அக்கா அக்கவுண்டுக்கு அனுப்புவாங்க.

ஜூலை 2ம் தேதின்னு நெனைக்கிறேன். ஸ்கூல் விட்டு வரேன், அக்கா பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க. மூஞ்சி சரியில்ல. பிள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு, முந்தானைய இழுத்து சொருகிக்கிட்டு, கீழ பாத்துக்கிட்டே "டீச்சர், சம்பளத்துல ஆயிரத்து எம்பது ரூவா கொறையுது, நான் எதாச்சும் ஒடச்சுட்டனா"ன்னாங்க. எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. முன்பணம் ஆயிரம்னு பாத்தாலும் எம்பது இடிக்குதேன்னு காலைலேருந்து கணக்குப் போட்டுப் போட்டுப் பாத்துருக்காங்க, ஒருவேள மாமியாரோட கண்ணாடி டம்ளர் ஒண்ணு வெடிச்சதே அதுக்கானு. சம்பள ஸ்லிப்ப எடுத்துப் பாத்தா 'பிஎஃப் 12 பர்சென்ட், 1,080'. கைல வந்தது 7,920. முன்பணத்தக் கழிக்கவே இல்ல, ஏன்னா அவங்க சாஃப்ட்வேர்ல அதுக்கு இடமே இல்லியாம். முன்பணம் இல்லாத வீட்டு வேல நம்ம பக்கம் எங்க இருக்கு சொல்லுங்க.

போன் போட்டா "ஆமா மேடம், உங்க பங்கு 1,080 அடுத்த மாசம் சேத்து அனுப்பிடுங்க"ன்னான். சரி பிஎஃப் நம்பர் குடுன்னேன். "ப்ராசஸ்ல இருக்கு". எந்தப் ப்ராசஸ்? எங்க ஸ்கூல்ல கணக்குப் பாக்குற சார்கிட்ட கேட்டேன், அவரு கைல இருந்த சாக்பீஸக் கீழ வச்சுட்டு சிரிச்சாரு. 20 பேரு வேல பாக்குற நிறுவனத்துக்குத்தான் பிஎஃப் கட்டாயம், ஈஎஸ்ஐங்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு 10 பேரு, உன் வீட்டுல ஒரு அக்காவும் ஒரு தொட்டிலும்தானம்மா இருக்குன்னாரு. அப்ப அந்த 1,080? அந்த ஆபீஸ் அக்கவுண்ட்லயே உக்காந்துருந்துச்சு. மூணு தடவ நேர்ல போயி, மூணாவது தடவ கண்ணாடிக் கதவுக்கு வெளிய கேக்குற மாதிரி சத்தம் போட்டப்புறம் திரும்பி வந்துச்சு. வந்த அன்னிக்கே அக்கா கைல குடுத்துட்டேன். மீதி மாசத்துக்குக் கட்டுன காசு வரல, கேட்டா டெர்ம்ஸ்ல இருக்காம்.

ரெண்டாவது கூத்து வருமான வரி. சம்பளத்துல டிடிஎஸ்னு வரிய முன்கூட்டியே பிடிக்கணும், அப்படிப் பிடிக்கிறவங்க டேன்னு ஒரு நம்பர் வாங்கணும், அதுக்குத் தனி ஃபீஸ்னு சொன்னாங்க. சார்தான் இதையும் பேப்பர்ல போட்டுக் காமிச்சாரு. மாசம் 9,000ன்னா வருஷத்துக்கு 1,08,000. 2025-26 நிதியாண்டுக்குப் புது முறைல 4 லட்சம் வரைக்கும் வரியே கெடையாது. வரியே இல்லாத சம்பளத்துல பிடிக்க என்ன இருக்கு, பிடிக்க ஒண்ணுமில்லன்னா டேன் எதுக்கு? சரி சார், அக்காவுக்குக் குடுக்குறத என் வரிலயாச்சும் கழிச்சுக்கலாமான்னு ஒரு ஆசைல கேட்டேன். அதுவும் கெடையாது, சம்பளக்காரங்களுக்கு அப்படி ஒரு கழிவே இல்ல, கட வச்சுருக்கவங்களும் வீட்டு ஆயா சம்பளத்தக் கடச் செலவுல எழுதக்கூடாது, அது சொந்தச் செலவுன்னாரு. ஆக அமெரிக்காக்காரி பயமுறுத்துனதுல ஒண்ணுகூட மண்டபத்துக்குப் பொருந்தல. அவ மேல கோவமில்ல, அவ ஊரு சட்டம் அவளுக்கு. அத இங்க இருக்குற மாதிரி வித்தானே அவன் மேலதான்.

ஒன்றரை ஸ்டார் எதுக்குன்னா, அந்த ஸ்லிப் அடிச்சுக் குடுக்குற பழக்கம் நல்லது. அக்கா மகளிர் குழுல லோன் கேட்டப்ப வருமானத்துக்கு ஏதாச்சும் காமின்னாங்களாம், அந்த ஸ்லிப்பத்தான் காமிச்சுருக்காங்க. இப்ப நானே ஒரு கோடு போட்ட நோட்டுல தேதி, சம்பளம், முன்பணத்துல கழிச்சது, மீதின்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறோம், அதுலயே அவங்களுக்கு ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பிடுறேன். நோட்டு 40 ரூபா, ரெண்டு வருஷம் வரும். அந்த ஆபீஸ் சிஸ்டத்துல நடுவுல இன்னொன்னும் நடந்துச்சு, அக்காவோட சித்தி இறந்து ரெண்டு நாள் வரல, லாஸ் ஆஃப் பேன்னு 600 ரூபா கழிக்க ரெடி பண்ணி மெசேஜ் வந்துச்சு. துக்கத்துக்குப் போனவங்க கூலிய வெட்டுனா இந்த ஊருல நான் தல காட்ட முடியுமா.

இப்ப நல்ல கதைக்கு வரேன்.

பிஎஃப் இல்ல ஈஎஸ்ஐ இல்ல, சரி, அப்ப அக்காவுக்கு வயசான காலத்துல என்னதான் இருக்குன்னு ஒரு உறுத்தல். இருபது வருஷமா கடல்பாசி எடுத்தவங்க அவங்க. தீவு ஓரத்துல முங்கி மரிக்கொழுந்துப் பாசிய கல்லுலேருந்து பிச்சுப் பிச்சு, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு போனாலும் கிழிச்சுருமாம். உப்புத்தண்ணில கண்ணு எப்பவும் செவப்பாத்தான் இருக்கும்பாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்குற சென்டருக்குப் போயி கேளுங்கன்னு சார்தான் சொன்னாரு. ஒரு ஷட்டர் கட, ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஃபேன், அதுவும் அந்தப் பொண்ணு பக்கம் மட்டும் திரும்பி நிக்கும். இருபத்தி நாலு இருபத்தஞ்சு வயசு இருக்கும் அவளுக்கு. ஒரு கேள்வி கேட்டா மூணு பதில் சொல்லுவா.

முதல்ல அக்காவோட பயத்த எடுத்தா. அக்காவுக்கு பேங்க்ல சம்பளம் வர்றதே பிடிக்கல, மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபா நின்னுருமாம், யாரோ சொல்லிருக்காங்க. அந்தப் பொண்ணு "யக்கா, குடும்ப வருமானம் வருஷம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணுங்கிறதுதான் கணக்கு, உங்க சம்பளம் ஒரு லட்சத்து எட்டாயிரம், அது கைல வந்தாலும் அதேதான் பேங்க்ல வந்தாலும் அதேதான்"னு சொன்னா. இந்த ஒரு வார்த்தைய அந்த ஏசி ரூமு சொல்லல. ஊருல பாதி ஆயாக்காங்க கைல குடுங்கன்னு அடம் புடிக்கிறதுக்குக் காரணமே இந்தப் பயம்தான்.

அப்புறம் இ-ஷ்ரம் பதிவு. ஃப்ரீ. பிஎஃப், ஈஎஸ்ஐ இல்லாத அமைப்புசாரா தொழிலாளிங்களுக்குன்னு 2021ல வந்தது, 16லேருந்து 59 வயசு வரைக்கும். விரல வைக்கச் சொன்னா. அக்கா கட்டவிரல வச்சாங்க, ஏத்துக்கல. ஆள்காட்டி விரல், ஏத்துக்கல. பொண்ணு துணியால கண்ணாடியத் தொடச்சா, அக்கா விரல சேலைல தேச்சுத் தேச்சு வச்சாங்க, பத்து விரலும் ஆச்சு, ஒண்ணும் விழல. அப்பத்தான் நான் அந்தக் கைய கிட்டத்துல பாத்தேன், ரெண்டு மாசமா என் பிள்ளைக்குச் சோறு ஊட்டுற கை. விரல் நுனில ரேகையே இல்ல. வழுவழுன்னு, அங்கங்க வெள்ளையா தழும்பு, அவ்வளவுதான். பொண்ணு ரொம்ப சாதாரணமா "பாசிக்குப் போனவங்களா, அப்ப விழாது, ஓடிபி போட்டுக்கலாம்"னா. தினமும் பாக்குறா போல.

ஓடிபி போகுற நம்பர் வீட்டுக்காரரோடது. அவரு கடல்ல. விரலுக்குப் பதிலா கண்ண வச்சு அடையாளம் பாக்குற மிஷின் அன்னிக்கு ரிப்பேரு. திரும்பி வந்துட்டோம். போட்டு கரைக்கு வந்த மறுநாள் அவரு போனையும் அவரையும் கூட்டிட்டுப் போயி, ஆதார்ல இருக்குற போன் நம்பர மாத்த ஒரு தடவ, பதிவுக்கு ஒரு தடவ. 12 இலக்க நம்பர் ஒண்ணு வந்துச்சு, அதுக்கும் யூஏஎன்னுதான் பேரு, பிஎஃப் யூஏஎன்னோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

அதுக்கடுத்து அவ கேட்டது வயசு. அக்காவுக்கு 39. "நல்லவேள, நாப்பதுக்கு மேல போயிருந்தா விட மாட்டாங்க"ன்னு ஷ்ரம் யோகி மான்தன் பென்ஷன்ல சேத்தா. மாச வருமானம் 15,000க்குள்ள இருக்கவங்களுக்கானது, 2019ல வந்தது, 39 வயசுல சேந்தா மாசம் 190 ரூபா, கவர்மென்ட் அதே 190 போடும், 60 முடிஞ்சா மாசம் 3,000 பென்ஷன். 29 வயசுல சேந்துருந்தா 100 தான். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, பிஎஃப்லயோ ஈஎஸ்ஐலயோ இருந்தா இதுல சேர முடியாது. அந்த ஆபீஸ்காரன் பிடிச்சது நெசமாவே பிஎஃப்புக்குப் போயிருந்தா அக்காவுக்கு இதுவும் இல்லாம போயிருக்கும். பொய் சொன்னதுல ஒரு நல்லது. அந்த 190 நான் சம்பளத்துக்கு மேல சேத்துப் போடுறேன், முதல் தவணைய சென்டர்ல கைல கட்டுனோம், அப்புறம் அவங்க அக்கவுண்ட்லேருந்து தானா எடுத்துக்குது.

கடைசியா வீட்டுப் பணியாளர் நல வாரியம். இது நம்ம தமிழ்நாட்டோடது, 2007லேருந்து இருக்கு, இத்தன வருஷமா இருக்குறது டீச்சர் எனக்கே தெரியாது, வெக்கமா இருந்துச்சு. 18லேருந்து 60 வயசுக்குள்ள பதிஞ்சுக்கலாம், காசில்ல, பிள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவித்தொக, விபத்துன்னா குடும்பத்துக்கு உதவி, 60க்கு மேல ஓய்வூதியம். அக்காவோட வீட்டுக்காரரு மீனவர் வாரியத்துல இருக்காரு, இவங்க இருபது வருஷம் கடல்ல கெடந்தும் எதுலயும் இல்ல. நான் வேல குடுக்குறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன், விஏஓ கையெழுத்து வாங்குனோம், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ. ஆன்லைன்லதான் போடணும். இதுல ஒரு சொதப்பல், ஆதார்ல ஒரு மாதிரி ரேஷன் கார்டுல ஒரு மாதிரி பேரு எழுத்து இருந்தத அந்தப் பொண்ணு பாக்காம விட்டுட்டா, மனு திரும்பி வந்துருச்சு. திருத்தி மறுபடி போட்டு அட்டை வர ரெண்டு மாசம் இழுத்துச்சு. ஒரு ஸ்டார் கொறைச்சது அதுக்குத்தான். உக்கார ஒரே ஒரு ஸ்டூல் இருக்குறதுக்கும் சேத்து.

மொத்தம் எவ்வளவு வாங்குனான்னு கேட்டா நம்ப மாட்டீங்க, ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் சேத்து 140 ரூபா. நான் 200 குடுத்து மீதி வேணாம்னேன், அறுபத எண்ணிக் கைல வச்சுட்டா. "அடுத்த வாட்டி ரெண்டு பேர கூட்டிட்டு வாங்க"ன்னா. கூட்டிட்டுப் போனேன், எங்க ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு டீச்சர் வீட்டு ஆயாக்காங்கள.

குறைஞ்சபட்சக் கூலி பத்தியும் சொல்லிடுறேன், 2018லயே தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கும் அத அறிவிச்சுருக்கு. ஸ்டாஃப் ரூம்ல இத எடுத்தா உடனே பேச்சு மாறி ஜாக்கெட் தைக்குறதுக்குப் போயிரும். போகட்டும்.

போறவங்களுக்கு: சென்டர் காலைல ஒம்பதரைக்குத் தொறக்கும், பதினோரு மணிக்கு மேல சர்வர் படுத்துரும், மத்தியானம் சாத்திருவாங்க. ஆதார்ல இருக்குற போன் யாரு கைல இருக்குன்னு வீட்டுலயே கேட்டுட்டுக் கெளம்புங்க, போட்டு கடலுக்குப் போற நாளா இருந்தா போயே பிரயோஜனமில்ல. அப்படியே பேங்க்ல பிரதமர் பேருல இருக்குற ரெண்டு இன்சூரன்ஸும் (சுரக்ஷா பீமா, ஜீவன் ஜோதி) போட்டுருங்க, விபத்துக்கு வருஷம் 20 ரூபா, ஆயுளுக்கு 436, ரெண்டுலயும் 2 லட்சம், ஆயுளுக்கு 50 வயசுக்குள்ள சேரணும். மே கடைசில அது அக்கவுண்ட்லேருந்து எடுப்பாங்க, தடைக்காலத்துல எல்லா அக்கவுண்டும் காலியாத்தான் கெடக்கும், அதனால மே சம்பளத்துல நான் 456 ரூபாய முன்னாடியே தனியா போட்டு விட்டுருவேன்.